செவி மீண்ட பின்: வளர்ந்தோரும் வாழ்க்கைத் துணையும்

உட்செவி நத்தைச்சுருளின் மயிர்க்கலங்கள் பேரளவில் அழிந்துவிடின், ஒலியைப் பெருக்கும் சாதாரண செவிப்புலக் கருவியாற் பெரும்பயன் இல்லை. நத்தைச்சுருளினுட் பதிக்கப்படும் கருவியோ ஒலியை மின்துடிப்பாக்கி நேரே செவிநரம்பிற்கு ஊட்டுகின்றது. 1978இல் மெல்பேர்ணிற் பேராசிரியர் கிறேம் கிளார்க் முதன்முதலிற் கருவி பொருத்திய றொட் சோண்டர்ஸ், விபத்தொன்றிற் செவிப்புலன் இழந்த வளர்ந்தவர். சோதனையின்போது தேசிய கீதத்தை இனங்கண்டு அவர் எழுந்து நின்றமை பலகாலும் எடுத்துரைக்கப்படுவது. வீட்டினுள் நிகழ்வதை இத்தகைய கதைகள் சொல்வதில்லை.

சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களின் பின்னரே கருவி இயக்கப்படும். அன்று மனைவியின் குரல் அவள் குரலாக இராது. இயந்திரக் கீச்சொலியாகவே பலருக்குக் கேட்கும். ஏறத்தாழ 30,000 நரம்பிழைகளின் பணியை இருபதளவான மின்வாய்கள் ஏற்கின்றன; மூளை மாதக்கணக்கிற் பயில வேண்டும். கல், கால் என்னும் குறில் நெடில் வேறுபாடு கால அளவைச் சார்ந்தமையால் எளிதிற் பிடிபடத்தக்கது. ல, ள, ழ வேறுபாடு அதிர்வெண் நுட்பத்தைச் சார்ந்தது. நாவின் அசைவு மறைந்திருத்தலால் உதட்டைப் பார்த்தும் அறியவியலாது. புலியையும் புளியையும் சூழல் கொண்டே பிரிக்க நேரும். ஆங்கிலப் பயிற்சித்தாள்களை மொழிபெயர்த்தாற் போதாது என்பது இதனாற் பெறப்படும்.

பயிற்றுபவர் பெரும்பாலும் வாழ்க்கைத் துணையே. பல்லாண்டுகள் கணவனின் செவியாக இருந்தவள் அவள்: தொலைபேசியை எடுத்தவள், வைத்தியரின் கேள்விகளை மீளச் சொன்னவள், புதுக்கடை நீதிமன்றில் வழக்கு அழைக்கப்படுகையில் முழங்கையைத் தொட்டு எழுப்பியவள். ஊதியமற்ற இவ்வுழைப்பு எக்கணக்கிலும் ஏறுவதில்லை. இப்போது அவரே பேசத் தொடங்குகையில் அவளுக்கு ஆறுதலுண்டு. தன் இடம் பறிபோன உணர்வும் உண்டாகலாம். சுற்றத்தாரோ, "இனிக் கேட்குந்தானே" எனத் திரும்பி நின்று பேசுவர். வெள்ளவத்தைக் காலி வீதியின் பேருந்து இரைச்சலிலும் கொட்டாஞ்சேனைத் திருமண மண்டபத்திலும் பேச்சைப் பிரித்தறிதல் கருவி பொருத்தியோர்க்கு மிகக் கடினம். அங்கே பழைய மொழிபெயர்ப்புப் பணி மீண்டும் அவளிடமே வரும்.

செலவோ மலைக்க வைப்பது. தமிழ்நாட்டின் 2012ஆம் ஆண்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை சிறுவர்களை நோக்கியே அமைந்தது. மொழி கற்கும் பருவம் முந்துவது நியாயமே. எனினும் நடுவயதிற் செவிப்புலன் இழந்து தொழிலையும் இழப்பவரின் குடும்பம் நகையை நம்பவேண்டியதாகின்றது. வெளிப்பகுதி பழுதுபடின் மீண்டும் பணம் வேண்டும்.

உறங்குமுன் அவ்வெளிப்பகுதி கழற்றப்படும். உடனே முழு மௌனம். இரவிற் குழந்தை அழுதாலும் கதவு தட்டப்பட்டாலும் எழுபவள் அவளே.