உங்களுக்குத் தெரியுமா? 6,746,328,388,800-இன் பெருமை!

■ 12-ஐ 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இத்தகைய எண்களை ‘மிகுபகு எண்கள்’ என்பர்.

■ ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் இவற்றை ஆராய்ந்து, 1915-இல் நீண்ட கட்டுரை வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது இந்த ஆய்வுக்காகத்தான்.

■ அக்கட்டுரையில் அவர் தந்த மிகுபகு எண்களின் பட்டியலில் கடைசி எண் 6,746,328,388,800. பதின்மூன்று இலக்கங்கள் கொண்ட இதற்கு 10,080 காரணிகள்!

■ பகா எண்களின் பெருக்கலாக இதைப் பிரித்தால்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்குகள் ஏறுவதே இல்லை. சமமாக நிற்கும் அல்லது குறையும். எல்லா மிகுபகு எண்களுக்கும் இதே விதிதான்.

■ அந்தப் பட்டியலில் ஓர் எண் மட்டும் விடுபட்டது: 293,318,625,600. அதற்கு 5,040 காரணிகள்.

■ நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை: மூன்றும் மிகுபகு எண்களே.

மாணவர்களே, 60-க்கு எத்தனை காரணிகள்? எழுதிப் பாருங்கள். (விடை: 12)