புகையை விடுவது ஒருவர் வேலையன்று

டிசம்பர் 31. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மக்கள் கோவிலை விட்டு வெளியே வருகின்றனர். "இன்றோடு பீடியைத் தலைமுழுகிவிட்டேன்" என்று ஒரு குடும்பத் தலைவர் தம் மனைவியிடம் உறுதி கூறுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, மனமாரச் சொல்கிறார். ஆனால் பொங்கல் வருமுன்னரே தேநீர்க் கடை வாசலில் அவர் விரலிடுக்கில் மீண்டும் நெருப்பு! "உங்களுக்கு மன உறுதியே கிடையாதுங்க" என்கிறாள் மனைவி. அவரும் அதை நம்பிவிடுகிறார். அடுத்த ஆண்டு உறுதி கூறவும் அவருக்கு வெட்கமாகிவிடுகிறது.

குறை மன உறுதியிலா இருக்கிறது? பெரும்பாலும் இல்லை. ஆயத்தமின்றி இறங்கியதும், தனியாக இறங்கியதுமே குறை. இதனை எண்ணிப் பார்க்க நமக்கு மிக அருகிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு.

பாகாயம் காட்டிய வழி

வேலூரில் நகரப் பேருந்து ஏறினால் பாகாயம் செல்லலாம். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அமைந்துள்ள அவ்வூரில், 1950-களில், கனடா நாட்டு மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரின் முயற்சியால் மனநல நிலையம் ஒன்று உருவாயிற்று. மனநோயாளரைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதிலுக்குள் அடைத்து வைப்பதே அந்நாளைய வழக்கம். பாகாயமோ நோயாளியுடன் உறவினர் ஒருவரையும் தங்கச் செய்தது. நோயின் இயல்பையும் பராமரிக்கும் முறையையும் அவருக்கும் கற்றுக் கொடுத்தது. அதே காலத்தில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகரும் நோயாளிகளின் உறவினரைக் கூடாரங்களில் தங்கவைத்து இவ்வழியைப் பின்பற்றினார்.

புகைப்போர் மனநோயாளர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் பாகாயம் உணர்த்தும் உண்மை இவர்களுக்கும் பொருந்தும். மருத்துவர் சில மணி நேரமே உடனிருப்பார். இரவும் பகலும் உடனிருப்போர் வீட்டார். ஆகவே விடுபட விரும்புவோர் மட்டுமன்று, வீட்டாரும் பயில வேண்டும்.

எதற்காக இத்தனை முயற்சி?

தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆடவரின் பழக்கங்களை ஆராய்ந்து, சென்னை மருத்துவர் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டு அறிஞர் ரிச்சர்டு பீட்டோவும் அவர்களுடைய துணைவர்களும் 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். நம் நாட்டில் காசநோயால் மாளும் ஆடவரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் சாவுக்குப் புகைத்தலே காரணம் என்பது அதன் முடிவு. புற்றுநோயை மட்டுமே அஞ்சியிருந்த நமக்கு இஃது ஓர் எச்சரிக்கை.

"பீடி இலையில் சுற்றியதுதானே, சிகரெட்டைப் போல் கெடுதி செய்யாது" என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அது தவறு. பீடி அடிக்கடி அணைந்துவிடும்; ஆதலால் புகைப்பவர் மேலும் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க நேரிடுகிறது. "தோல் நாற்றம் தாங்காமல் பிடிக்கத் தொடங்கினேன்" என்று ஆம்பூர்ப் பக்கத்துத் தொழிலாளர் கூறக் கேட்டிருக்கிறோம். அந்த வேதனையை நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த மருந்து நோயினும் கொடியது.

நற்செய்தியும் உண்டு. பிரிட்டனில் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2004-ல் வெளிவந்தது. 60 வயதில் புகையை விட்டோர் ஏறத்தாழ 3 ஆண்டு ஆயுளையும், 50-ல் விட்டோர் 6 ஆண்டையும், 40-ல் விட்டோர் 9 ஆண்டையும் மீட்டுக்கொண்டனர். "இனி விட்டு என்ன பயன்?" என்று எவரும் சோர வேண்டியதில்லை.

நாள் குறித்தல்

திருமணத்திற்கு நாள் குறிக்கிறோம், இதற்கும் குறிப்போம். இரண்டு வாரத்திற்குள் வரும் ஒரு நாளைத் தேர்ந்து, வீட்டு நாட்காட்டியில் வட்டமிட வேண்டும். அதுவரை ஒவ்வொரு பீடியையும் எந்நேரத்தில், எவரோடு, எந்த மனநிலையில் பற்றவைத்தோம் என்று ஒரு தாளில் எழுதிவரலாம். காலைத் தேநீரோடு ஒன்று, ஆலைச் சங்கு ஊதியதும் ஒன்று, கடன்காரர் வந்துபோனபின் ஒன்று என்று ஒழுங்கு தெரியவரும். எதிரி வரும் வழிகள் தெரிந்துவிட்டால் காவல் வைப்பது எளிது.

பிறகு சொல்ல வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டும். மனைவி மக்கள், உடன் வேலை செய்யும் நண்பர், பங்கில் நம்பிக்கைக்குரிய ஒருவர் ஆகியோர் போதும். "எனக்கு நீட்டாதே, என் எதிரில் பற்றவைக்காதே" என்று நண்பரிடம் வெளிப்படையாகக் கேட்பதில் இழிவில்லை. குறித்த நாளின் முன்னிரவு, சட்டைப்பையிலும் அலமாரியிலும் உள்ள பீடிக் கட்டு, சாம்பல் கிண்ணம் அனைத்தையும் வீட்டார் கூடியே அகற்றட்டும். புகைக்குப் பதிலாக மெல்லும் புகையிலையை நாடுவது மட்டும் கூடாது. அது வாய்ப் புற்றுநோய்க்கு வழி.

வீட்டார் கடமை

நிக்கோட்டின் நின்றதும் எரிச்சல், உறக்கமின்மை, பசி, மனக்குழப்பம் தோன்றும். முதல் வாரமே கடுமையானது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அக்காலத்தில் அவர் சொல்லும் சுடுசொல்லை அப்பழக்கத்தின் கடைசிக் கூக்குரலாக எண்ணிப் பொறுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களே நீடிக்கும். அப்போது ஒரு குவளை நீர், ஒரு நடை, ஒரு பேச்சுத் துணை கிடைத்தால் அது கடந்துவிடும்.

வாயை முகர்ந்து பார்த்தல், சட்டையைச் சோதித்தல் ஆகிய காவல் வேலைகள் வேண்டாம். "அப்பா, இன்றோடு பத்து நாள்!" என்று மகள் சொல்லும் ஒரு சொல் அவற்றினும் வலியது. நாள்தோறும் மிச்சமாகும் காசை உண்டியலில் இடுவோம். பீடி வாங்கிவரச் சிறுவரைப் பெட்டிக்கடைக்கு அனுப்பும் வழக்கமும் அன்றோடு ஒழியட்டும்.

ஒருநாள் தவறிவிட்டால்? வீழ்ந்தவரை வசைபாடாமல், "எங்கே, எப்போது தவறிற்று?" என்று சேர்ந்து ஆராய்ந்து மறுநாளே மீண்டும் தொடங்குவோம். பலமுறை முயன்ற பின்னரே பலரும் வென்றுள்ளனர்.

வீட்டின் துணை போதாதபோது மருத்துவரை அணுகத் தயங்கலாகாது. நிக்கோட்டின் கலந்த சூயிங்கம் போன்ற மருந்துகள் உண்டு. ஆலோசனையும் மருந்தும் சேரும்போது பலன் மிகுதி. 2016-ல் தொடங்கிய தேசியப் புகையிலை விடுப்பு உதவித் தொலைபேசியை 1800-11-2356 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஒரு சொல் மறவாதிருப்போம். குடியாத்தம் பகுதியில் எத்தனையோ தாய்மார் பீடி சுற்றியே பிள்ளைகளை வளர்த்திருக்கின்றனர். அவர்கள் கையை நாம் பழிக்கவில்லை. அவர்கள் கணவரும் மக்களும் நெடுநாள் வாழ வேண்டும் என்றே வேண்டுகிறோம்.

அடுத்த முறை நம் வீட்டில் ஒருவர் "இன்றோடு விட்டுவிட்டேன்" என்று சொல்லும்போது சிரிக்கவும் வேண்டாம், சந்தேகிக்கவும் வேண்டாம். "எந்த நாள் குறிக்கலாம்? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்போம். வெற்றியின் பாதி அக்கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.