செல்போன் பறிபோனால் முதல் ஒரு மணி நேரம்

காலை மணி எட்டரை. சயான் ரயில் நிலையம். லோக்கல் வந்து நிற்கிறது. இறங்குகிற கூட்டமும் ஏறுகிற கூட்டமும் முட்டி மோதுகின்றன. ஒரு வழியாக உள்ளே நுழைந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு சட்டைப் பையைத் தடவிப் பார்த்தால், செல்போனைக் காணோம்!

மும்பையில் வேலைக்குப் போகிற யாருக்கும் இது நேரலாம். நாலு மாதம் மிச்சம் பிடித்து வாங்கிய போன் போய்விட்டதே என்று மனம் பதறும். ஆனால் பெரிய ஆபத்து போனில் இல்லை. அதற்குள் இருக்கும் சின்னஞ்சிறு சிம் கார்டில்தான் இருக்கிறது. சம்பளம் வருவது, ஊருக்குப் பணம் அனுப்புவது, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரு நம்பரோடு பிணைந்து கிடக்கின்றன.

"போனுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன், திருடனால் திறக்க முடியாது" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். அவன் போனைத் திறக்க வேண்டியதே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் போதும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் அவன் கைக்குப் போய்விடும்.

ஆகவே போனைத் தேடி அலைவது பிறகு. முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டிய காரியங்கள் வேறு.

முதலில் சிம்மை நிறுத்துங்கள்

பக்கத்தில் இருப்பவரிடம் போன் கேட்டு வாங்கி, உங்கள் நம்பரை ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். நல்லவர் யாராவது எடுத்தால் அதிர்ஷ்டம். 'ஸ்விட்ச் ஆப்' என்று வந்தால் காத்திருக்க வேண்டாம். உங்கள் கம்பெனி சிம்மையே வைத்திருக்கும் நண்பரின் போனிலிருந்து 198 என்ற எண்ணை அழைத்து, நம்பரைச் சொல்லி, சிம்மை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வங்கி. ஏ.டி.எம். கார்டின் பின்புறம் வங்கியின் உதவி எண் அச்சிட்டிருக்கும். அதில் அழைத்து மொபைல் பாங்கிங், யு.பி.ஐ. இரண்டையும் முடக்கச் சொல்லுங்கள். வங்கிக்குத் தகவல் சொன்ன நேரம் மிக முக்கியம். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் தகவல் கொடுத்த பிறகு அவருக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டால் அந்த நஷ்டம் வங்கியைச் சேரும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இடைப்பட்ட நேரத்து நஷ்டம் உங்கள் தலையில் விழக்கூடும்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான அகில இந்திய உதவி எண். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் முன் தடுத்து நிறுத்த இதில் வழி உண்டு. ஒவ்வொரு நிமிடமும் பணம்தான்.

போலீசில் என்ன சொல்வது?

ரயிலிலோ பிளாட்பாரத்திலோ போனது என்றால் ரயில்வே போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். மற்ற இடமானால் அருகிலுள்ள காவல் நிலையம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொன்னால் தயங்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, திருட்டு போன்ற குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரவும் வேண்டும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. திருட்டுப் போனதைக் 'காணாமல் போனது' என்று எழுதிவிட்டால் வழக்கு வலுவிழந்துவிடும். திருடப்பட்டது என்றே எழுதச் சொல்லுங்கள். மராத்தி படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த நண்பரை அழைத்துச் சென்று, எழுதியதைப் படிக்கக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

போனையே செத்துப்போக வைக்கலாம்

ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க எண் உண்டு. சிம்மை மாற்றினாலும் இது மாறாது. மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போலீஸ் புகார் நகலுடன் இந்த எண்ணைப் பதிவு செய்தால், நாட்டில் எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் அந்தப் போன் வேலை செய்யாது. 2019-ல் மகாராஷ்டிரத்தில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்தது. போன் திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் விண்ணப்பித்து மீண்டும் இயங்கச் செய்யலாம்.

"உங்கள் போன் கிடைத்துவிட்டது, இதைத் தொட்டுப் பாருங்கள்" என்று சில நாளில் ஒரு செய்தி வரலாம். நம்ப வேண்டாம். பாஸ்வேர்டைப் பறிக்கத் திருடர்கள் வீசும் தூண்டில் அது.

சிம் யார் பெயரில்?

புதிதாக வந்தபோது அறை நண்பர் வாங்கிக் கொடுத்த சிம், மேஸ்திரி கொடுத்த சிம் என்று வருஷக்கணக்கில் வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மாற்று சிம் கிடைக்கும். அந்த மனிதர் வேலையை விட்டு ஊர் போய்விட்டால் உங்கள் வங்கிக் கணக்கின் சாவியும் அவரோடு போன மாதிரிதான். இந்த வாரமே உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்கி, வங்கியிலும் ஆதாரிலும் அந்த நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள்.

ஊரில் வாங்கிய சிம்மையே இங்கும் பயன்படுத்துகிறவர்கள், மாற்று சிம்மை மும்பையில் தருவார்களா என்று கம்பெனிக் கடையில் இப்போதே விசாரியுங்கள். தர மாட்டார்கள் என்றால், பழைய நம்பரை விடாமலே இணைப்பை மும்பைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 2015 ஜூலை முதல் இந்த வசதி நாடெங்கும் உண்டு.

இன்றிரவே செய்யுங்கள்

இத்தனையும் நடக்க வேண்டுமானால் சில காரியங்களை முன்கூட்டியே செய்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

போனில் *#06# என்று அழுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் வரும். அவற்றையும் வங்கி உதவி எண்ணையும் காகிதத்தில் எழுதி டிரங்குப் பெட்டியில் வையுங்கள். போன் வாங்கிய ரசீதும் அதனுடன் இருக்கட்டும்.

சிம்முக்கும் ஒரு பூட்டு உண்டு. செட்டிங்ஸ் பகுதியில் 'சிம் லாக்' என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால், வேறு போனில் மாட்டினாலும் நான்கு இலக்க எண்ணைச் சொல்லாமல் சிம் வேலை செய்யாது. முதல் எண் என்ன என்று கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மூன்று முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். பிறகு கம்பெனி தரும் 'பி.யு.கே.' எண்ணால்தான் திறக்கும்.

பூட்டிய திரையில் செய்திகள் தெரியாதபடி வையுங்கள். போன் உறைக்குள் ஏ.டி.எம். கார்டும் ஆதார் கார்டும் செருகும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பின் நம்பரை யாரோ ஒருவர் பெயரில் போனிலேயே பதிந்து வைப்பது, பீரோவைப் பூட்டிச் சாவியை அதிலேயே தொங்கவிடுவது போன்றது.

கடைசியாக ஒன்று. வீட்டு நம்பரையாவது மனப்பாடம் செய்யுங்கள். போன் போன அன்று, "நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்படாதே" என்று ஊருக்குச் சொல்ல அந்த ஒரு நம்பர்தான் கை கொடுக்கும்.