கையடக்க இசைக்கருவியும் மின்கலத்தின் ஆயுளும்

இசையைத் தேடி மனிதன் சென்ற காலம் மாறி, மனிதனைத் தேடி இசை வரும் காலம் இருபதாம் நூற்றாண்டில் பிறந்தது. 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. திருவையாற்றில் நிகழும் தியாகராசர் ஆராதனையைத் திருவரங்கத்து வீதிகளில் வாழ்வோர் தம் இல்லத்திலிருந்தே கேட்கும் வாய்ப்பு வானொலியால் வந்தது. பின்னர் வந்த டிரான்சிஸ்டர், சுவரோடு கட்டுண்டிருந்த வானொலியின் தளையை அறுத்துத் திண்ணைக்கும் வயல் வரப்புக்கும் அதனைக் கொண்டு சென்றது. 1979இல் சோனியின் வாக்மேன், 2001இல் ஆப்பிளின் ஐபாட், 2017இல் சரிகம நிறுவனத்தின் கார்வான், இன்று எல்லார் கையிலும் செல்பேசி எனக் கருவிகள் மாறி வந்துள்ளன. ஆயினும் மாறாதது ஒன்றுண்டு. உள்ளிருக்கும் மின்கலம் ஓய்ந்தால் இசையும் ஓய்ந்துவிடும்.

கண்ணொளி மங்கிய முதியவர்க்குப் பாடும் சிறு பெட்டியே பகல் முழுதும் துணை. அத்துணை ஈராண்டில் நீங்குவதும் ஐந்தாண்டு நிலைப்பதும் பெரும்பாலும் நம் பழக்கத்தைப் பொறுத்தவை. ஆனால், நம் இல்லங்களில் இன்றும் நிலவும் பழக்கங்கள் பழைய மின்கலத்துக்கு உரியவை. புதிய மின்கலத்துக்கு அவையே பகையாகின்றன. இதனை விளக்குவதே நம் நோக்கம்.

மூவகை மின்கலங்கள்

முதலாவது, 1.5 வோல்ட் அளவுடைய உலர் மின்கலம். மக்கள் வழக்கில் 'பாட்டரிக் கட்டை.' குரல் தேய்ந்தவுடன் கட்டைகளைக் கழற்றி வெயிலில் காயவைத்து மீண்டும் இடுவது அன்றைய வழக்கம். அதனால் சிறிது நேரம் வானொலி பாடியதும் உண்மையே. ஓய்வும் வெப்பமும் உள்ளே எஞ்சிய வேதிப்பொருள்களைச் சற்றே இயங்கச் செய்தன. ஆனால் அது வற்றிய கிணற்றில் ஊறும் கடைசிக் குடத்து நீர். புதிய ஆற்றல் அன்று.

இரண்டாவது, மீண்டும் மின்னேற்றத்தக்க நிக்கல்-காட்மியம் மின்கலம். பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப மின்னேற்றினால் அதன் கொள்ளளவு குறைந்துபோவதுண்டு. எனவே 'முழுதும் தீர்த்த பின்னரே மின்னேற்றுக' என்ற அறிவுரை எழுந்தது.

மூன்றாவது, 1991இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த லித்தியம்-அயனி மின்கலம். இதனை உருவாக்கியமைக்காக ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவர் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இன்றைய கையடக்கக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது இதுவே. இதற்கு வெயிலும் ஆகாது. முழுதும் தீர்ப்பதும் ஆகாது.

தேய்வதன் காரணம்

சிந்தாமணிக் கரைக்கும் திருவரங்கக் கரைக்கும் இடையே காவிரியில் பரிசல்கள் சென்று வருவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஓரிரு பரிசல் கரைச் சேற்றில் சிக்கி நின்றுவிடின், நாளடைவில் ஆற்றைக் கடப்போர் தொகை குறையும். லித்தியம் அயனிகளும் இவ்வாறே இரு மின்முனைகளுக்கிடையே சென்று மீள்கின்றன. அவற்றுள் சில கிராஃபைட் முனையில் படியும் மெல்லிய படலத்தில் சிக்கி மீளாது நின்றுவிடுகின்றன. ஏறத்தாழ 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பின் கொள்ளளவு 80 விழுக்காட்டளவுக்குக் குறைவது இயல்பு. பாதிப் பாதியாக இருமுறை மின்னேற்றுவது ஒரு சுற்றாகவே கணக்காகும்.

இத்தேய்வை விரைவுபடுத்துவன இரண்டு: வெப்பமும் நிறை மின்னேற்றமும். முழுதும் மின்னேற்றிய மின்கலத்தை 25 பாகை செல்சியசில் ஓராண்டு வைத்தால் ஏறக்குறைய 80 விழுக்காட்டுக் கொள்ளளவு எஞ்சும். 40 பாகையிலோ 65 விழுக்காடே எஞ்சும். அதே 40 பாகையில், 40 விழுக்காடு மட்டும் மின்னேற்றி வைத்தால் 85 விழுக்காடு எஞ்சும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் நாட்களைக் காணும் திருச்சி மக்கள் இக்கணக்கை மனத்திற் கொள்ளுதல் நன்று.

செய்யத்தக்கன

மின்கலத்துக்கு ஆயுள் இருவகை. ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணி பாடும் என்பது ஒன்று. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது மற்றொன்று.

முன்னதை நீட்டிக்கத் திரையை அணைத்துவிட்டுக் கேட்கலாம். இணையத்திலிருந்து பாடலை ஓயாது இழுப்பதைவிட, முன்னரே பதிவிறக்கிக் கேட்பது சிக்கனம். வேண்டாத வேளையில் புளூடூத், வைஃபை ஆகியவற்றை நிறுத்துக. ஒலிபெருக்கியின் ஒலியளவைக் குறைத்தாலும் மின்கலம் நெடுநேரம் தாங்கும்.

பின்னதை நீட்டிக்க, மின்னேற்றத்தை இயன்றவரை 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்துக்கொள்க. நீண்ட பயணத்துக்கு முன் முழுதும் ஏற்றுவதில் தவறில்லை. நிறைந்த நிலையிலேயே நாள்தோறும் இருத்துவதுதான் தீது. சன்னல் வெயிலிலும் பூட்டிய வண்டிக்குள்ளும் கருவியை வைத்தல் கூடாது. தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றுவது கேடு. மாதக்கணக்கில் பயன்படுத்தாவிடில், பாதியளவு மின்னேற்றிக் குளிர்ந்த இடத்தில் வைக்க. மின்கலம் உப்பினால் அன்றே பயன்பாட்டை நிறுத்துக. அதனைக் குத்துவதும் நசுக்குவதும் தீ விபத்துக்கு வழியாகும்.

மின்கல ஆய்வு நமக்குத் தொலைவில் உள்ளதன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததனால் எழுந்து, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அண்டையிலுள்ள காரைக்குடியில்தான் உள்ளது. லித்தியம்-அயனி மின்கலத் தயாரிப்புத் தொழில்நுட்பத்தை அந்நிறுவனம் 2018இல் இந்தியத் தொழில் நிறுவனமொன்றுக்கு வழங்க உடன்பட்டது. வேதியியல் பயிலும் மாணவர்க்கு இத்துறை ஒரு நல்வழி.

இன்னொன்றும் கருதத்தக்கது. இன்றைய கருவிகள் பலவற்றில் மின்கலம் உள்ளேயே அடைக்கப்பட்டிருத்தலின், மின்கலம் மடியும்போது நல்ல கருவியும் குப்பைக்குச் செல்கிறது. பழைய மின்கலத்தை வீட்டுக் குப்பையோடு சேர்த்தலாகாது என்பதும், அவற்றைத் திரும்பப் பெறுதல் உற்பத்தியாளர் பொறுப்பு என்பதும் நடுவண் அரசின் 2022ஆம் ஆண்டு விதிகள். எறிவதற்கு முன், மின்கலத்தை மட்டும் மாற்ற இயலுமா என்று கேட்டறிதல் அறிவுடைமை.

மாணவச் செல்வங்கள் விடுமுறையில் இல்லம் செல்லும்போது, பாட்டனாரின் பாட்டுப் பெட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டுகிறோம். வெயில் படும் மாடத்தில் இருந்தால் நிழலுக்கு மாற்றுங்கள். காரணத்தையும் அவர்க்கு எடுத்துரையுங்கள். கற்ற கல்வி வீட்டுக்குப் பயன்பட அதுவும் ஒரு வழி.