குண்டு செய்த கைகள்... கோல் போட்ட கால்கள்!

எங்க கோவில்பட்டியில் விடிந்தும் விடியாமலும் தெருமுனைக்கு வந்தால், தூக்குச்சட்டியும் கையுமாக அக்காமார்களும் மதினிமார்களும் வேனுக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம். எல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் கூட்டம். (ஃபேக்டரி என்றெல்லாம் இங்கே சொல்ல மாட்டோம். ஆபீஸ்தான்!)

ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், தெரிந்த அக்கா ஒருவரிடம் கேட்டேன்: ''அக்கா, உங்க ஆபீஸ்ல ஒரு ஃபுட்பால் டீம் ஆரம்பிச்சா என்ன?''

''கட்டை அடுக்கிட்டு வந்து, வீட்ல சோறு பொங்குறது யாரு தம்பி... நீயா?''

ஜகா வாங்கினேன்.

நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை, சார். ஒரு ஊரில் இது நிஜமாகவே நடந்திருக்கிறது!

முதல் உலகப் போர் சமயம். இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, ஆலைகளுக்குள் பெண்கள் வந்தார்கள். வெடிமருந்தோடு புழங்கிப் புழங்கிப் பலருக்கு மேனியே மஞ்சளாகிவிட்டது. நம்மூர் மஞ்சள் பூச்சு இல்லை, விஷம்!

பிரஸ்டன் நகரில் 'டிக், கெர்' என்று ஒரு கம்பெனி. டிராம் வண்டிகள் செய்து கொண்டிருந்த இடத்தில், போருக்காகக் குண்டுகள் தயாரானது. சாப்பாட்டு இடைவேளையில் அங்கிருந்த பெண்கள் முற்றத்தில் பந்து உதைப்பார்கள். அதே கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃப்ராங்க்லண்ட் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். நாமும்தான் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம்... அவர் உருப்படியாக ஒரு டீமே அமைத்துவிட்டார்!

1917, கிறிஸ்துமஸ் தினம். காயம்பட்ட சிப்பாய்களுக்கு நிதி திரட்ட ஒரு மேட்ச். பார்க்க வந்தவர்கள் 10,000 பேர்! 4-0 என்று ஜெயித்தார்கள். போர் முடிந்தும் மவுசு குறையவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் 53,000 பேர். இடமில்லாமல் வெளியே நின்ற கூட்டம் தனி. வசூல் 3,000 பவுனுக்கு மேல். அத்தனையும் தர்மத்துக்கு. பி.காம். படித்த எனக்கே கணக்கு பார்த்துத் தலை சுற்றியது.

அந்த டீமின் ஸ்டார், லில்லி பார். 1920-ல் வந்து சேர்ந்தபோது வயது பதினைந்துதான். இடது காலால் உதைத்தால் கோல்கீப்பர் பாடு திண்டாட்டம்! தீப்பெட்டிக்கும் அவருக்கும்கூட சம்பந்தம் உண்டு... அம்மணி சிகரெட் பிரியை.

அப்புறம்தான் வில்லன் என்ட்ரி. 1921 டிசம்பர் 5-ம் தேதி இங்கிலாந்து கால்பந்து சங்கம் ஓர் உத்தரவு போட்டது: கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல, சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் தங்கள் மைதானத்தைப் பெண்களுக்குத் தரக்கூடாது. குண்டு செய்வது மட்டும் ஏற்ற வேலையாக இருந்ததாம்! வசூல் பணம் செலவாகிற விதம் சரியில்லை என்றும் ஒரு குறை சொன்னார்கள்.

பெண்கள் விடவில்லை. 1922-ல் அமெரிக்கா போய் ஆண்கள் அணிகளோடு மோதினார்கள். ஊரில் கிடைத்த திடலில் ஆடினார்கள். 1965 வரை அணி இருந்தது. தடை நீங்கியது 1971-ல். சுமார் ஐம்பது வருஷம்! லில்லி பாருக்கு மான்செஸ்டரில் சிலை வைத்தது 2019-ல். அவர் இறந்தோ நாற்பது வருஷமாகியிருந்தது.

அதே 2019-ல், பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியிலிருந்து கிளம்பிய சேது எஃப்.சி. பெண்கள் அணி, இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. எங்க கரிசல் பக்கமும் கால் சளைத்ததில்லை.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலேஜ் நாட்களில், பந்தோடு வந்த பெண்களுக்கு மைதானத்தை விட்டுத்தராமல் விசிலடித்த கூட்டத்தில் நானும் இருந்தேன். நாங்கள் உத்தரவு எதுவும் போடவில்லை. போடாமலே காரியம் முடிந்தது. அவர்கள் மறுநாள் வரவில்லை.

போன வாரம் தெருப்பையன்கள் உதைத்த பந்து வேன் நிற்கிற இடத்துக்கு உருண்டு வந்தது. அந்த அக்கா தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார். சேலையை லேசாகத் தூக்கிச் செருகினார். விட்டார் ஒரு உதை! பந்து வாறுகாலைத் தாண்டி, பையன்கள் தலையையும் தாண்டிப் போனது.

''என்ன தம்பி, டீம்ல சேத்துக்கிடுவாகளா?'' என்றார் சிரித்துக்கொண்டே.

பதில் சொல்வதற்குள் வேன் வந்துவிட்டது.