ஆள்காட்டி விரலுக்கு 14%: தகடு வெட்டும் மெஷினில் விரல்கள் போவது ஏன்?

ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14%. நடுவிரல் 12%. மோதிர விரல் அல்லது சுண்டுவிரல் என்றால் 7%. கட்டைவிரலுக்கு 30%.

வேலையில் விரலை இழந்தவரின் 'சம்பாதிக்கும் திறன்' எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் சட்ட அட்டவணை இது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது. இஎஸ்ஐ-யிலும் இதே கணக்குதான். ரூபாயில் பார்ப்போம். மாதச் சம்பளம் 15,000 என்றால் நாளுக்குச் சுமார் 500. நிரந்தர ஊனத்துக்கான உதவித்தொகை அதில் 90%, அதாவது 450. அந்த 450-ல் 14% எவ்வளவு? 63 ரூபாய். ஆயுள் முழுக்கக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு 63 ரூபாய்.

இந்தக் கணக்கு அதிகம் தேவைப்படும் இடங்களில் ஒன்று ஹரியானாவின் குருகிராம், மானேசர், ஃபரிதாபாத் பகுதி. கார், பைக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறிய ஆலைகள் நிறைந்த இடம். அங்கே காயமடைந்த தொழிலாளர்களுக்கு உதவும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு 2019 முதல் 'க்ரஷ்ட்' என்ற அறிக்கையை வெளியிட்டு வருகிறது. கை நசுங்கும் விபத்துகளில் முதலிடம் எப்போதும் பவர் பிரஸ்ஸுக்குத்தான். பாதிக்கப்படுபவர்களில் பெரும்பாலானோர் உத்தரப் பிரதேசம், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

அந்த மெஷினில் என்னதான் நடக்கிறது?

தகட்டை உள்ளே வைத்து பெடலை மிதித்தால், மேலிருந்து ராம் எனும் கனமான பாகம் இறங்கி, டையின் வடிவத்துக்குத் தகட்டை வெட்டிவிட்டு மேலே போகும். நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும் மெஷினில் அது இறங்க அரை நொடி. வெட்டிய துண்டை எடுக்கவும் அடுத்த தகட்டை வைக்கவும் கை உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை.

பழைய மெஷின்களில் இருப்பது 'கீ கிளட்ச்'. ஒரு தடவை பிடித்துவிட்டால், முழுச் சுற்று முடியாமல் ராம் நிற்காது. இதில் ஸ்பிரிங் தேய்ந்துபோனால் இன்னும் மோசம்: பெடலைத் தொடாமலேயே ராம் மறுபடி இறங்கும். டபுள் ஸ்ட்ரோக் என்பது இதுதான். பெடலை மிதிக்காத ஆளின் விரலும் போவது இப்படித்தான். இவரிடம் "கவனமா இருந்திருக்கலாமே" என்று கேட்பதில் என்ன அர்த்தம்?

சென்சார் போட்டால் போதாதா என்று கேட்கலாம். கை குறுக்கே வந்தால் மெஷினை நிறுத்தும் ஒளித்திரை நல்ல சாதனம்தான். ஆனால் பாதியில் நிற்கக்கூடிய ஃபிரிக்‌ஷன் கிளட்ச் மெஷினில்தான் அது உதவும். கீ கிளட்ச்சில் மாட்டினால் அது வெறும் அலங்காரம். அங்கே தேவை, கை நுழையவே முடியாத நிலையான தடுப்பு. தகடு மட்டும் போகும் அளவுக்கு இடைவெளி போதும்.

கிளவுஸ்? தகட்டின் கூரான ஓரத்திலிருந்து காக்கும், ராமிலிருந்து காக்காது. லேத், டிரில்லிங் மெஷின் மாதிரி சுழலும் இடங்களில் கிளவுஸ் போடவே கூடாது. நுனி சிக்கினால் கையையே இழுத்துவிடும்.

சட்டம் சொல்வது என்ன?

ஆபத்தான பாகத்துக்கு உறுதியான தடுப்பு வேண்டும், மெஷின் ஓடும்போது அது அதன் இடத்திலேயே இருக்க வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. நடைமுறையில் டார்கெட் ஏறும் நாளில் முதலில் கழற்றப்படுவது தடுப்புதான். தடுப்பு இருந்தால் தகடு வைக்க சில நொடிகள் அதிகம் ஆகும், அவ்வளவே காரணம்.

நீங்கள் குவாலிட்டியிலோ பர்ச்சேஸிலோ இருந்து வெண்டர் ஆலைக்குப் போனால், மாதிரிப் பீஸோடு மெஷினையும் பாருங்கள். தடுப்பு மாட்டியிருக்கிறதா, கழற்றி மூலையில் வைத்திருக்கிறதா? இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன்களில் ஒன்றை டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்களா? பிரஸ்ஸை ஓட்டுபவர் ஆபரேட்டரா, ஹெல்பராகச் சேர்ந்தவரா?

விரல் துண்டாகிவிட்டால்?

காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. பட்டால் திசு கெட்டுவிடும். பிளாஸ்டிக் சர்ஜன் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

இஎஸ்ஐ அட்டை விபத்துக்குப் பிறகுதான் பலர் கைக்கு வருகிறது என்பதையும் அந்த அறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்கின்றன. சட்டப்படி வேலையில் சேர்ந்ததுமே பதிவு செய்திருக்க வேண்டும்.