கண்ணாடியும் தாங்கியும்

சென்ற மாதம் கனடாவிலிருந்து என் மருமகன் எழுதிய கடிதம் என்னை இரண்டு நாள் வாளாவிருக்கச் செய்தது. அங்கே இலக்குச் சுடும் கழகமொன்றில் அவன் சேர்ந்திருக்கிறானாம். ஆயிரம் மீற்றருக்கு அப்பால் நிறுத்திய கடதாசி இலக்கைச் சுடுவது விளையாட்டு. "மாமா, துவக்கின்மேல் பூட்டும் தொலைநோக்கிக்கே என் பணம் முழுவதையும் செலவிடலாமா? அதைத் தாங்கும் வளையங்களை மலிவாக வாங்கினால் போதாதா? பௌதிகம் படிப்பித்த நீங்கள் சொல்லுங்கள்" என்பது அவன் வினா.

வினா எளியது. ஆயின் துவக்கு என்னும் சொல் தெல்லிப்பழையார்க்கு எளிய சொல்லன்று. 1990 ஆனி மாதத்தில் நாங்கள் ஊரை விட்டு ஓடியபோது அவன் என் தோளிற் கிடந்த குழந்தை. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்பே அம்மண்ணை மீண்டும் மிதித்தேன். வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. எங்கோ ஒருவர் கண்ணாடி வழியே நம்மைப் பார்த்திருக்கக் கூடும் என்ற அச்சத்தோடு பல காலம் நடந்தவனிடம், அந்தக் கண்ணாடியைத் தேர்வது எப்படி என்று பிள்ளை கேட்கிறான்.

விடை எழுதாது விட்டுவிடலாமா என்று எண்ணினேன். அப்போது கலிலியோ நினைவுக்கு வந்தார். 1609ஆம் ஆண்டு அவர் தம் தொலைநோக்கியை வெனிசு ஆட்சியாளருக்குக் காட்டியபோது, பகைவர் கப்பலைத் தொலைவிலேயே கண்டுகொள்ளலாம் என்பதே அதன் பயனாகக் கூறப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அதே வகைக் கருவியால் வியாழனின் நான்கு சந்திரர்களை அவர் கண்டார். போரும் வானும் பிறப்பிலிருந்தே இக்கருவியைப் பங்கிட்டுக்கொண்டன. வில்லை செய்த குற்றம் யாதுமில்லை. எழுதுகோலை எடுத்தேன்.

நான் முதலில் எழுதியது ஹலியின் வால்வெள்ளியைப் பற்றி. 1986ஆம் ஆண்டு சித்திரையில், வைகறையில் மாணவரைத் திரட்டி அதனைக் காட்ட முயன்றேன். கடன் வாங்கிய தொலைநோக்கியில் வில்லை நல்லது. முக்காலியில் ஒரு கால் தளர்ந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்தனர். ஒவ்வொருவரும் கண்டது ஒரு நடுக்கமே. கண்ணாடி காட்டும், எதைக் காட்டவேண்டும் என்பதைத் தாங்கியே காக்கும். அன்று கற்ற பாடம் துவக்குக்கும் பொருந்தும்.

கணக்கைப் பாருங்கள். பாகை ஒன்றை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு கலை. பஞ்சாங்கக் கணிதர் நன்கறிந்த அளவு. ஒரு கலைக் கோணம் ஆயிரம் மீற்றரில் 29 சென்ரிமீற்றராக விரியும். தொலைநோக்கியைப் பிடிக்கும் இரு வளையங்களுக்கும் இடைத்தூரம் 10 சென்ரிமீற்றர் என்க. வெடியின் பின்னுதைப்பால் ஒரு வளையம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு, அதாவது ஒரு கொப்பித் தாளின் தடிப்பளவு, விலகினால், ஆயிரம் மீற்றரில் குறி ஒரு மீற்றர் தவறும்! எத்தனை ஆயிரம் டொலர் வில்லையும் இப்பிழையைத் திருத்தாது. பிழையை மிகத் தெளிவாகக் காட்டும், அவ்வளவே.

தாங்கிக்குச் சற்றுச் சரிவும் வேண்டும். அத்தூரம் செல்லும் குண்டு பல மீற்றர் கீழே விழுமாதலின், தொலைநோக்கியின் உள்ளே குறியைத் திருப்பும் எல்லை போதாதுபோம். பின்புறம் உயர்ந்து முன்புறம் 20 கலை பணிந்த தாங்கியைப் பூட்டினால் அந்த எல்லையில் 5.8 மீற்றர் நமக்கு மிச்சமாகும். திருகாணிகளைக் கைவலி கொண்டு முறுக்காது, முறுக்கு விசையை அளக்கும் கருவியால் சமமாக இறுக்க வேண்டும். குறிக்கோடு செங்குத்தாக நிற்கிறதா என்று அறியத் தூக்குக்குண்டு போதும். கொத்தனார் என் வீட்டுச் சுவருக்குப் பிடித்த அதே தூக்குக்குண்டு. 12 மீற்றர் விழும் குண்டுக்கு, துவக்கு ஒரு பாகை சாய்ந்தால் 20 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் விலகும்.

இனிக் கண்ணாடி. உருப்பெருக்கம் கூடினால் நன்று என்பது புதியவர் மயக்கம். 50 மில்லிமீற்றர் முகவில்லை 10 மடங்கு பெருக்கும்போது கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5 மில்லிமீற்றர் அகலம். 25 மடங்கில் அது 2 மில்லிமீற்றராகச் சுருங்கும். வெயிலேறினாற் கானலும் உடன் பெருகும். கண்ணை அசைத்தால் குறியும் இலக்கின்மேல் அசையுமாயின், அவ்விடமாறு தோற்றத்தைத் திருத்தும் திருகு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். ஆகவே பணத்தைப் பகிர்ந்து செலவிடு, மலிந்த வளையத்தின்மேல் விலையுயர்ந்த கண்ணாடியை ஏற்றாதே என்று எழுதினேன்.

கடிதத்தை மூடுமுன் இரண்டு வரி சேர்த்தேன். "தம்பி, கடதாசியைத் தவிர வேறொன்றை அக்கண்ணாடியில் நீ குறிவைக்கக் கூடாது, இது மாமாவின் வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது இங்குள்ள பிள்ளைகளுக்கு வான் பார்க்க ஒரு தொலைநோக்கி கொண்டு வா. கண்ணாடி சிறிதாயினும் கால் உறுதியாயிருக்கட்டும்."

மறுமொழி வந்துவிட்டது. கால் எத்தனை அடி உயரம் வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.